11 கேவி பிரேக்கர் ரக் அவுட் ஆக விடுதில்ல, ஸ்குரூடிரைவரால தட்டச் சொல்லினம்

சுவிட்ச்ரூம்_தம்பி:

அண்ணையாக்கள் ஒரு சந்தேகம். கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய பில்டிங்ல ஷிஃப்ட் டெக்னீசியனா இருக்கிறன், ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்கு முதல் வீட்டு வயரிங்தான் செய்தனான், ஹை டென்ஷன் பக்கம் எனக்குப் புதுசு, அதால பிழையா ஏதும் எழுதினா ஏசாதேங்கோ.

எங்களுக்கு 11 கேவில நேரா சப்ளை. பனல் நாலு: சப்ளை உள்ள வாற இன்கமர் ஒண்டு, மீட்டரிங் ஒண்டு, ட்ரான்ஸ்போமருக்குப் போற ஃபீடர் ரெண்டு. ட்ரான்ஸ்போமர் ரெண்டும் 1000 கேவிஏ. பிரேக்கர் எல்லாம் வக்கூம், ட்ரக்கில வெளிய இழுக்கிற டைப், கதவு பூட்டினபடியே ஹான்டில் போட்டுச் சுத்துற மாதிரி. போன ஞாயிறு ரெண்டாவது ட்ரான்ஸ்போமருக்கு சேர்விஸ் எண்டு ஷட்டவுண் எடுத்தனாங்கள். எடுத்தனாங்கள் எண்டா முழுசா இல்ல, லிஃப்டும் ஏசியும் நிக்கக்கூடாது எண்டு மேல இருந்து ஓடர், அதால கீழ எல்வி (400 வோல்ட்) பக்கம் ரெண்டு ட்ரான்ஸ்போமரின்ட பக்கத்தையும் இணைக்கிற பஸ் கப்லர அடிச்சு லோட் எல்லாத்தையும் முதலாவது ட்ரான்ஸ்போமருக்குக் குடுத்திட்டு, மேல வந்து ரெண்டாவது ஃபீடர் பிரேக்கர ஒஃப் பண்ணினம். பச்சை விழுந்தது, 'ஓ' (ஓப்பன்) எண்டு காட்டினது, அம்மீட்டர் மூண்டு ஃபேஸும் சைபர்.

பிறகு ரக் அவுட் பண்ண, அதாவது பிரேக்கர ட்ரக்கோட வெளிய இழுக்க, ஹான்டில போடப் பாத்தா அந்த ஓட்டைய மூடி இருக்கிற தகடு திறக்கேல்ல. எங்கட இன்சார்ஜ் சொல்றார் இது பழைய வியாதி, ஸ்குரூடிரைவர விட்டு உள்ள இருக்கிற நாக்கை ஒருக்கா தட்டிவிடு, போன வருஷமும் அப்பிடித்தான் செய்தது எண்டு. எனக்கு மனம் வரேல்ல. ஏலாது எண்டு சொன்னன், நல்லா ஏச்சு வாங்கினன், கடைசியில சேர்விஸ் நடக்கேல்ல, பிரேக்கர திருப்பி ஓன் பண்ணிட்டு வந்தாச்சு. வாற போயா (பௌர்ணமி) லீவுக்கு திரும்பவும் ஷட்டவுண் இருக்கு.

நான் செய்தது சரியா? இல்லாட்டி சும்மா பயந்திட்டனா? பிரேக்கர் ஒஃப்ல இருந்தா ரக் அவுட் பண்றதில என்ன ஆபத்து? முறையா எப்பிடிச் செய்யிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

வட்டவளை_வயர்மேன்:

தம்பி பயப்படாதீங்க, நாங்களும் ஃபேக்டரில இருந்தப்ப அப்படித்தான் தட்டி விட்டிருக்கோம். அந்தத் தகட்டுல கிரீஸ் காஞ்சு போய் ஒட்டிக்கும். பிரேக்கர் ஒஃப், அம்மீட்டர் சைபர்னா அப்புறம் என்னங்க இருக்கு, ரெண்டு தட்டுல திறந்துடும்.

---

பழைய_ஃபியூஸ்:

மேல எழுதின தம்பி கோவிக்கப்படாது, ஆனா அந்தப் பதிலை யாரும் வாசிச்சிட்டுப் போய்ச் செய்யாதேங்கோ. நான் 31 வருஷம் சப்ஸ்டேஷன் வேலை செய்து பென்ஷன் எடுத்தவன். தட்டித் திறந்த ஆக்களில எத்தனையோ பேர் தப்பினவைதான், அதுதான் பிரச்சினையே. பத்துத் தரம் தட்டி ஒண்டும் நடக்காட்டி அது ஒரு முறையா மாறிடும்.

சுவிட்ச்ரூம் தம்பி, நீர் செய்தது சரி. ஏன் சரி எண்டு சொல்றன் கேளும்.

ட்ரக்கில இருக்கிற பிரேக்கருக்குப் பின்னால ஆறு கை இருக்கு, மூண்டு பஸ்பாருக்கு (எல்லாப் பனலுக்கும் பொதுவா ஓடுற செப்புப் பட்டை), மூண்டு கேபிளுக்கு. கை நுனியில டூலிப் கொன்டக்ட், பூ மாதிரி விரல்கள், அது போய் ஸ்பௌட் எண்ட இன்சுலேஷன் குழாய்க்குள்ள இருக்கிற செப்புத் தண்டைக் கவ்விப் பிடிக்கும். இந்த டூலிப்புக்கு கரண்டை வெட்டுற சக்தி கிடையாது. வெட்டுறது பிரேக்கரின்ட காத்தில்லாத வக்கூம் போத்தலுக்குள்ள நடக்கிற வேலை. போத்தலுக்குள்ள கொன்டக்ட் திறக்காம டூலிப்ப இழுத்தா ஆர்க் (மின் பொறி) வெளிக் காத்தில, அதுவும் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள்ள இழுபடும், ஒரு ஃபேஸில தொடங்கினது கண்மூடித் திறக்க முதல் மூண்டு ஃபேஸுக்கும் பாயும். பஸ்பார் பக்கம் முழு ஃபோல்ட் லெவலும், அதாவது ஷோர்ட் ஆனா பாயக்கூடிய முழுச் சக்தியும், அங்க நிக்கிது. உம்மட பனல் பிளேட்டில 25 கேஏ எண்டு போட்டிருந்தா 11 கேவில அது 476 எம்விஏ. கொழும்புக்குள்ள ஹவ்லொக் டவுன், மருதானை மாதிரி கிரிட் சப்ஸ்டேஷன்ல 132 கேவியில இருந்து 11 ஆ இறக்கி நிலத்துக்கடியால கேபிளில அனுப்புறது, தூரம் குறைவு, அதால ஃபோல்ட் கரண்ட் கிராமத்து லைன் மாதிரி மெலிஞ்சு வராது.

அதுக்குத்தான் இன்டர்லொக். பிரேக்கர் ஓன்ல நிண்டா ரக் பண்ண விடாது, ட்ரக் பாதி வழியில நிண்டா பிரேக்கர ஓன் பண்ண விடாது, கேபிளை நிலத்தோட இணைக்கிற ஏர்த் ஸ்விட்ச் போட்டிருந்தா ட்ரக்க உள்ள விடாது, ட்ரக் உள்ள நிண்டா ஏர்த் போட விடாது. இதில எது உம்மைத் தடுத்தது எண்டு தெரியாம அதை உடைச்சுக்கொண்டு போறது, ரயில்வே கேட் ஏன் பூட்டிக் கிடக்குது எண்டு பாக்காம கேட்டைத் தூக்கிப்போட்டு தண்டவாளத்தில ஏறுற மாதிரி. பம்பலப்பிட்டியில நிண்டு பாத்தா அப்பிடிப்பட்ட ஆக்களையும் காணலாம் எண்டது வேற கதை.

எனக்கு ரெண்டு விசயம் தெரியோணும். பிரேக்கர ஒஃப் பண்ணின பிறகு பனல் முன்பக்கம் மூண்டு சின்ன லைட், கேபிளில வோல்டேஜ் இருக்கா எண்டு காட்டுறது, அது என்ன காட்டினது? மற்றது, கீழ ரெண்டாவது ட்ரான்ஸ்போமரின்ட ஏசீபி, அந்த எல்வி பக்கப் பிரேக்கர், ஓனா ஒஃபா?

---

சுவிட்ச்ரூம்_தம்பி:

அண்ணை, லைட் மூண்டும் எரிஞ்சது. நான் காட்டினன், இன்சார்ஜ் சொன்னவர் கேபிளில மிச்சம் இருக்கிற சார்ஜ், கொஞ்சத்தில போயிடும் எண்டு. நாங்கள் அரை மணித்தியாலம் அந்தத் தகட்டோட மல்லுக்கட்டினம், அவ்வளவு நேரமும் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. ஏசீபி… உண்மையச் சொன்னா நான் பாக்கேல்ல. ரெண்டு ட்ரான்ஸ்போமரையும் பரலல் விட்டுத்தான் கப்லர் அடிச்சது, பிறகு நேரா மேல வந்திட்டம்.

---

மெகர்_மாமா:

ஐயோ. அரை மணித்தியாலம் எரிஞ்ச லைட்டை மிச்ச சார்ஜ் எண்டு சொன்னவருக்கு ஒரு கும்பிடு. ஒஃப் பண்ணின அந்தக் கேபிள் ட்ரான்ஸ்போமர் வைண்டிங்கோட கட்டிக் கிடக்குது, மிச்ச சார்ஜ் அதுக்குள்ளால டக்கெண்டு வடிஞ்சிடும். ஏசீ வோல்டேஜ் இல்லாம அந்த லைட் இவ்வளவு நேரம் எரிய வழியே இல்ல.

நான் டெஸ்டிங் கமிஷனிங் செய்யிறவன். எரிஞ்சதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, பழைய ஃபியூஸ் அண்ணை கேட்டதுதான், பின்பக்கத்தால வாற கரண்ட். கப்லர் ஓன், ரெண்டாவது ஏசீபியும் ஓன் எண்டா முதலாவது ட்ரான்ஸ்போமர் 400 வோல்ட்டைக் குடுக்குது, அது ரெண்டாவது ட்ரான்ஸ்போமருக்குள்ள தலைகீழாப் போய் மேல 11,000 வோல்ட்டா வந்து உம்மட கேபிளில நிக்கும். நீர் பிரேக்கர ஒஃப் பண்ணினது உண்மை, கேபிள் சாகேல்ல எண்டதும் உண்மை. அம்மீட்டர் சைபர்தான் காட்டும், ஏனெண்டா பிரேக்கருக்குள்ளால ஒண்டும் ஓடேல்ல.

இப்ப யோசிச்சுப் பாரும், தகட்டைத் தட்டித் திறந்து ட்ரக்கையும் இழுத்திருந்தா ஒருவேளை ஒண்டும் நடந்திராது. எல்லாரும் சந்தோசமா அடுத்த வேலைக்குப் போவினம். அடுத்த வேலை என்ன? கேபிளுக்கு ஏர்த் போடுறது. 1000 கேவிஏக்கு 11 கேவில ஃபுல் லோட் 52.5 அம்பியர், இம்பீடன்ஸ் 5 வீதம் எண்டு வைப்பம், ரெண்டு ட்ரான்ஸ்போமர் வரிசையா நிக்கிறதால மேல கிட்டத்தட்ட 525 அம்பியர், கீழ ஏசீபிக்குள்ளால 14,000 அம்பியருக்கு மேல. ஃபோல்ட்டில ஓன் பண்ணத் தாங்கிற ஏர்த் ஸ்விட்ச் எண்டா பெரிய சத்தத்தோட போகும். கையில பிடிச்சு மாட்டுற ஏர்த் வயர் எண்டா அதை மாட்டின ஆளின்ட கைக்கு முன்னால ஆர்க்.

இரண்டாவது காரணம் அரிது, ஆனா இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். ஒரு ஃபேஸ் போத்தல் மட்டும் திறக்காம விட்டா, உள்ள ராட் கழண்டு போனா வெளியில இருக்கிற 'ஓ' காட்டி அதைச் சொல்லாது, அது ஷாஃப்டைத்தான் பாக்குது, கொன்டக்ட்டை இல்ல. இப்ப ட்ரான்ஸ்போமரின்ட 11 கேவி பக்கம் டெல்டா, மூண்டு வைண்டிங்கும் முக்கோணமா ஒண்டோடொண்டு கட்டினது. ஒரு ஃபேஸ் மட்டும் வந்தா கரண்ட் சுத்தி ஓட வழியில்ல, அம்மீட்டர் மூண்டும் சைபர். கீழ எல்வியும் செத்திருக்கும். ஆனா டெல்டா வைண்டிங்குக்குள்ளால அந்த ஒரு ஃபேஸின்ட வோல்டேஜ் மற்ற ரெண்டு கேபிளுக்கும் போய் மூண்டு லைட்டும் எரியும். அம்மீட்டரை நம்பி வேலை செய்யிற ஆக்களுக்கு இதுதான் பொறி. கீழ ஏசீபியும் ஒஃப், மேல பிரேக்கரும் ஒஃப், பிறகும் லைட் எரியுதெண்டா அந்த ட்ரக்கைத் தொடக்கூடாது, இன்கமரை ஒஃப் பண்ணி பஸ்பாரையே சாகடிச்சுப்போட்டுத்தான் இழுக்கோணும்.

உமக்கு நடந்தது முதலாவது எண்டுதான் நினைக்கிறன். அப்பிடியெண்டா அந்தத் தகடு ஒட்டிப்போய் நிக்கேல்ல. சில பனலில ட்ரக்குக்கு ஒரு லொக் கொயில் இருக்கும், கரண்ட் வந்தாத்தான் நாக்கை விடும், அந்தக் கொயிலை ஏசீபியின்ட ஒஃப் கொன்டக்ட்டுக்குள்ளால வயர் பண்ணி இருப்பாங்கள். டிரோயிங்கை எடுத்துப் பாரும். பிரேக்கர் ஒஃப் ஆனா ஏசீபியும் சேந்து விழுகிற இன்டர்ட்ரிப்பும் இருந்திருக்கோணுமே, அது ஏன் வேலை செய்யேல்ல எண்டும் பாரும்.

---

தெமட்டகொட_நானா:

மெகர் மாமா சொன்ன பொயின்ட் சூப்பர், டெல்டா விசயம் எனக்கும் இப்பதான் வெளங்கிச்சி. நான் ஒரு கதை சொல்றன், எங்க எண்டு கேக்க வாணாம். ஈரக் காலம், ஸ்விட்ச் ரூம்ல ஹீட்டர் எல்லாம் ஒஃப், பில் குறைக்கிறாங்களாம். கதவத் தொறந்த ஒடனே ஒரு வாசம், மின்னல் அடிச்ச பொறகு வாற மாதிரி, பொறகு மெல்லிசா வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கட ஃபோமன் நல்ல மனுசன், எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டாரு. பஸ்பார ஒஃப் பண்ணி தொறந்து பாத்தா ஸ்பௌட் உள்ளுக்கு வெள்ளத் தூள், செம்புல பச்ச. கடல் காத்து உப்பும் ஈரமும் சேந்து மேற்பரப்புல டிஸ்சார்ஜ் ஓடி இரிக்கி. அந்த நிலையில ட்ரக்க அசைச்சி இருந்தா என்ன ஆகி இரிக்கும் எண்டு யோசிச்சா இன்னும் தூக்கம் வாற இல்ல. அதனால தம்பி, ஹான்டிலத் தொட முந்தி மூக்கும் காதும். எங்கட ஊர்ல பாணந்துறையில ஒரு குரங்கு பாஞ்சி 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருட்டுல கெடந்திச்சி, அதுக்காவது தெரியாது, நமக்குத் தெரியும் தானே.

---

பழைய_ஃபியூஸ்:

நானா சொன்னதை வழிமொழியிறன். ஹீட்டரை ஒஃப் பண்ணி மிச்சம் பிடிச்ச காசு ஒரு ஸ்பௌட்டுக்குக் காணாது.

தம்பி கேட்ட முறை. உம்மட பனலின்ட மனுவல்தான் முதல், நான் சொல்றது பொதுவா.

கீழ முதல், மேல பிறகு. லோட்டை மாத்து, ஏசீபியை ஒஃப் பண்ணி வெளிய இழுத்து லொக் போடு, சாவி பேமிட் (வேலை அனுமதி) எழுதிற ஆளிட்ட. பிறகு மேல பிரேக்கர ஒஃப் பண்ணு, ஏலுமெண்டா தூரத்தில இருந்து ஸ்விட்ச்சால, பனலுக்கு முன்னால நிண்டு இல்ல. இப்ப மூண்டையும் பார்: காட்டி, அம்மீட்டர், லைட். ஓன்ல இருக்கேக்க மூண்டு லைட்டும் எரிஞ்சதைப் பாத்திருக்கோணும், இல்லாட்டி ஒஃப் பண்ணின பிறகு எரியேல்ல எண்டதுக்குப் பெறுமதி இல்ல, பல்ப் செத்தும் கிடக்கலாம். மூண்டும் ஒரே நேரத்தில அணையோணும்.

பிறகு ரூமில வேலை இல்லாத ஆக்கள் எல்லாரும் வெளிய. வேடிக்கை பாக்க வாற மனேஜர் உட்பட. கதவு முழுசாப் பூட்டி, தாழ்ப்பாள் எல்லாம் விழுந்திருக்கோணும். பனலில இன்டர்னல் ஆர்க் டெஸ்ட் செய்தது எண்டு பிளேட்டில எழுதியிருந்தாலும், அது ஐஈசீ 62271-200 படி கதவு பூட்டினபடி செய்த டெஸ்ட், கதவைத் திறந்து வச்சுக்கொண்டு ட்ரக்க அசைச்சா அந்த எழுத்துக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்ல. பழைய பனல்களில கதவைத் திறந்துதான் இழுக்கோணும், எங்கட காலத்து ஓயில் பிரேக்கர் சிலதை நிலைக்குத்தா கீழ இறக்கிறது, அதில எல்லாம் நான் பஸ்பாரை ஒஃப் பண்ணாமச் செய்ய மாட்டன் எண்டு சண்டை பிடிச்சிருக்கிறன்.

ஹான்டிலைச் சுத்தேக்க எண்ணிக்கொண்டு சுத்தும். இருபது சுத்து மாதிரி வரும், மொடலுக்கு மொடல் மாறும். எத்தனை எண்டு எழுதி வச்சா அடுத்த முறை பதினொண்டில இறுகினா உடனே தெரியும், எங்கயோ முட்டுது எண்டு. இறுகினா பலம் குடுக்காதையும், நீட்டுக் குழாய் போட்டு நெம்பாதையும். பாதியில அப்பிடியே விட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறதும் கூடாது, டெஸ்ட் பொசிஷனுக்கு (டூலிப் கழண்டு ட்ரக் பனலுக்குள்ளயே நிக்கிற இடம்) வந்து காட்டி சரியா விழும் வரைக்கும் வேலை முடியேல்ல.

டெஸ்ட் பொசிஷனில பிரேக்கர் ஸ்பிரிங்கை இறுக்கிற மோட்டரின்ட எம்சீபியை ஒஃப் பண்ணிப்போட்டு ஒருக்கா ஓன், ஒருக்கா ஒஃப், ஸ்பிரிங் வெறுமையாகிடும். சார்ஜ் ஆன ஸ்பிரிங்குக்கு விரல் எண்டா வெண்டிக்காய் மாதிரி. பிறகுதான் பிளக்கைக் கழட்டி ரொலியில இழுக்கிறது. ஸ்பௌட் வாயை மூடுற ரெண்டு ஷட்டரும் விழுந்திட்டுதா பார், பஸ்பார் பக்க ஷட்டருக்குப் பூட்டுப் போடு. அந்த ஷட்டருக்குப் பின்னால 11 கேவி இப்பவும் இருக்கு. என்ன நிறம் அடிச்சிருந்தாலும் அதைத் தொட்டாச் சாவு எண்டு நினைச்சுக்கொள்.

கேபிளை டிடெக்டர் ஸ்டிக்கால பாக்கோணும், முதல் உயிருள்ள இடத்தில ஸ்டிக் வேலை செய்யுதா, பிறகு கேபிள், பிறகு திரும்ப உயிருள்ள இடம். அதுக்குப் பிறகு ஏர்த்.

உள்ள போடுறது இன்னும் ஆபத்து எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா எல்லாரும் களைச்சு, வீட்டுக்குப் போற அவசரத்தில நிப்பினம். உள்ள விட்ட துணி, ஸ்பனர், கழட்டாத ஏர்த் எல்லாம் அந்த நேரத்திலதான் வெளிப்படுறது.

---

வட்டவளை_வயர்மேன்:

சரிங்க அண்ணே, ஒத்துக்கிறேன். அந்த லைட் எரியுற விசயத்த தம்பி மொதல்ல சொல்லலைங்க, சொல்லியிருந்தா நானும் தட்டச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கேள்வி, உடுப்பு பத்தி யாரும் சொல்லலையே?

---

மெகர்_மாமா:

நல்ல கேள்வி. தோலில சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 கலோரி விழுந்தாலே இரண்டாம் தரக் காயம், அதுதான் கணக்குக்கு எல்லை. உடுப்பு எத்தனை கலோரிக்கு வேணும் எண்டது ஃபோல்ட் கரண்டும், அதைக் கண்டு பிரேக்கர விழுத்துற ரிலே எத்தனை செக்கனில வெட்டுது எண்டதும் வச்சுக் கணக்கு எடுக்கோணும், சும்மா 40 கலோரி சூட் ஒண்டை வாங்கி மாட்டினாச் சரி எண்டு இல்ல. ரிலே ஆறுதலா ஒரு செக்கன் எடுத்து வெட்டினா அந்தச் சூட்டும் போதாமப் போகலாம். பொலியெஸ்டர் டீசேட் உள்ளுக்குப் போடவே கூடாது, உருகி ஒட்டும். காசு இருந்தா மோட்டரால ரக் பண்ற செட் ஒண்டு வாங்கச் சொல்லுங்கோ, பத்து மீற்றர் வயரோட வெளியில நிண்டு பட்டனை அமத்தினாச் சரி. ஆள் அங்க இல்லாட்டி ஆளுக்குக் காயமும் இல்ல.

---

சுவிட்ச்ரூம்_தம்பி:

போயா முடிஞ்சுது, அதுதான் எழுதுறன். முதல்ல டிரோயிங். மெகர் மாமா சொன்னது அச்சொட்டா அதேதான், லொக் கொயில் ஏசீபியின்ட ஒஃப் கொன்டக்ட்டால வருது. இன்டர்ட்ரிப் வயர் டேர்மினலில கழட்டி டேப் சுத்திக் கிடந்தது, எப்பவோ ஒருக்கா லிஃப்ட் நிண்டதுக்காக யாரோ கழட்டி விட்டிருக்கினம். நான் ஃபோட்டோ எடுத்து இன்சார்ஜுக்கும் மேலயும் அனுப்பினன். இன்சார்ஜ் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. மூண்டாம் நாள் வந்து அந்த வயரைத் தானே திருப்பிப் போட்டவர், ஒண்டும் சொல்லேல்ல.

போயா அண்டைக்கு கொன்ராக்டர் ஆக்கள் வந்தவை. லோட் மாத்தி, ஏசீபி ஒஃப் பண்ணி லொக் போட்டு, பிறகு மேல பிரேக்கர். லைட் மூண்டும் ஒண்டா அணைஞ்சுது. தகட்டில கை வைக்க முதல் உள்ள 'டக்' எண்டு ஒரு சத்தம், கொயில். தகடு வெண்ணெய் மாதிரித் திறந்தது. ஹான்டில் பத்தொன்பதரைச் சுத்து, பெயின்ட் மார்க்கரால பனலுக்குள்ள எழுதி வச்சிருக்கிறன். வெளிய எடுத்துப் பாத்தா நடு ஃபேஸ் கீழ் டூலிப்பில ஸ்பிரிங் ஒண்டு விலகி விரல் ரெண்டு லூசாத் தொங்குது. போன வருஷம் தட்டித் திறந்து உள்ள விட்ட நேரம் எங்கயோ இடிச்சிருக்கோணும் எண்டு கொன்ராக்டர் சொல்றார். டூலிப் புதுசு வந்து போட்ட பிறகுதான் ரக் இன், அதுவரைக்கும் ரெண்டு கிழமை ஒரு ட்ரான்ஸ்போமரிலதான் ஓடினம்.

சூட் ஒண்டு கொன்ராக்டரிட்ட வாங்கிப் போட்டன், கொழும்பு வெக்கைக்கு உள்ள நிண்டு இட்லி அவிஞ்ச மாதிரி. ஸ்விட்ச் ரூமுக்கு ஏசி கேட்டு லெட்டர் குடுத்திருக்கிறன், லிஃப்டுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி எங்களுக்கும் கிடைக்குமா எண்டு பாப்பம்.

---

தெமட்டகொட_நானா:

ஏசி கெடைச்சா ஹீட்டர ஒஃப் பண்ண விடாத தம்பி, சொல்லிட்டன்.